கண் படாத இடம்

யாரும் பார்க்காத இடத்தில் மனிதன் ஏன் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்?

இது இன்று நேற்று எழுந்த கேள்வி அல்ல. பிளேட்டோ தம்முடைய 'குடியரசு' என்ற நூலில் இதற்காக ஒரு கதையே சொல்லி வைத்திருக்கிறார். லிதியா நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் கல்லை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரிய மாட்டான். இந்த வசதி கிடைத்ததும் அவன் அரண்மனைக்குள் நுழைகிறான், அரசியை வசப்படுத்துகிறான், அரசனைக் கொன்று நாட்டை எடுத்துக்கொள்கிறான். கைஜஸின் மோதிரம் என்று இந்தக் கதைக்குப் பெயர். நூலில் இதைச் சொல்கிற கிளாக்கன் என்ற இளைஞன், இத்தோடு விடுவதில்லை. இப்படி இரண்டு மோதிரங்கள் இருந்து, ஒன்றை நல்லவனுக்கும் மற்றொன்றைக் கெட்டவனுக்கும் கொடுத்தால், இருவர் நடத்தையிலும் ஏதாவது வித்தியாசம் இருக்குமா என்று கேட்கிறான். கேட்டு 2,400 ஆண்டுகள் ஆகப் போகின்றன. கேள்வி இன்னும் புதிதாகவே இருக்கிறது.

அந்த மோதிரத்தை நாம் லிதியாவுக்குப் போய்த் தேட வேண்டியதில்லை. சின்னச் சின்ன அளவில் அது எல்லோரிடமும் இருக்கிறது. தையற்காரருக்குச் சட்டையின் உள்மடிப்பு, கொத்தனாருக்குப் பூச்சுக்குள்ளே போய்விடும் செங்கல், ஓட்டல்காரருக்கு அடுப்படி. என் போன்றவர்களுக்கு, படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோல் காட்டி எழுதிவிடும் வசதி. இவற்றுள் எனக்கு அதிகமாகப் பரிச்சயமான மோதிரம் ஒரு பழைய ஜீப்பின் அடிவயிற்றில் இருக்கிறது என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல.

கழுகுமலையில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ராணுவத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு பழைய மகிந்திரா ஜீப், இரண்டையும் வைத்துக் காலத்தை ஓட்டுகிறார். கரிசல் காட்டில் ஜீப் ஆடம்பரம் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மழை விழுந்துவிட்டால் அந்த மண்ணின் குணமே வேறாகிவிடும். கோடையில் இரும்புபோல் கிடந்தது, மாவுபோல் இளகிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். செருப்புப் போட்டு நடந்தால் ஆள் நான்கு விரற்கடை உயர்ந்துவிடுவான். அந்தச் சேற்றில் பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி முனகிக்கொண்டாவது வெளியே வந்துவிடும்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போக வேண்டுமானால் வண்டிக்கு அடியில் நான்கு இரும்புக் கூடுகள் வேண்டும். கியர் பாக்ஸ் ஒன்று. அங்கிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுகிற டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று. முன் அச்சின் நடுவிலும் பின் அச்சின் நடுவிலும் பூசணிக்காய் மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும் டிஃபரன்ஷியல் இரண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் இந்தக் கடைசி இரண்டில் ஊற்றுவதைக் கிரவுன் ஆயில் என்பார்கள். நான்கு கூடுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 லிட்டர் எண்ணெய். எஞ்சின் ஆயிலைப்போல அதை அளவுக் குச்சியை உருவி யாரும் தினமும் பார்ப்பதில்லை. அது இருட்டுக்குள் கிடந்து, பல்லும் பல்லும் நேரடியாக உரசிக்கொள்ளாமல் வருடக்கணக்கில் காவல் காக்கிறது.

அது கெட்டுப்போனாலும் உடனே தெரியாது. அதுதான் இங்கே முக்கியம். பிரேக்கைச் சரியாகப் பூட்டாதவன் அடுத்த திருப்பத்திலேயே அகப்பட்டுக்கொள்வான். கிரவுன் ஆயிலை மாற்றாமலே மாற்றியதாகச் சொன்னவனை வண்டி இரண்டு வருஷம் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பிறகு ஒரு நாள் ஊளையிடத் தொடங்கும். அப்போது யாரைப் போய்க் கேட்பது?

அண்ணாச்சி கேட்டிருக்கிறார். ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். ஊரும் பெயரும் நமக்கு வேண்டாம். நான்கு கூட்டுக்கும் ஆயில் மாற்றியதாக ரசீது வந்தது. அவரும் பணத்தைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாக்கு விரித்து அடியில் படுத்துப் பார்த்தால், முன் டிஃபரன்ஷியலின் நட்டைச் சுற்றிப் படிந்திருந்த கரிசல் பொருக்கு ஒரு துளிகூட உதிரவில்லை. ஸ்பேனர் பட்ட சுவடே இல்லை. திரும்பிப் போய்ச் சொன்னபோது, "முன் வீல் டிரைவ் எப்பவாவதுதானே போடுறீங்க, அது என்ன ஆகப்போகுது?" என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதிலில் பொய்யோடு அறியாமையும் கலந்திருக்கிறது. அவருடைய ஜீப்பைப் போன்ற பழைய வண்டியில், முன் சக்கரத்துக்கு விசை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், சக்கரம் உருளும்போது உள்ளே பல்சக்கரமும் உருண்டுகொண்டுதான் இருக்கும். பாரம் இல்லை, ஆனால் ஓய்வும் இல்லை. மேலும் மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கும்போது, ஓடிச் சூடேறிய அச்சு சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுத் துளை அடைத்துப்போய், சீலும் தேய்ந்திருந்தால் வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே இழுபடும். அப்படி நீர் புகுந்த எண்ணெய் காப்பி நிறத்தில் பால்போலத் திரிந்துவிடும். உழைக்காத பாகம் என்று நாம் நினைக்கிற பாகமே முதலில் துருப்பிடிக்கிறது.

அன்றிலிருந்து இந்த வேலையை அவரே வீட்டு முற்றத்தில் செய்துகொள்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் வண்டியைப் பனையூர்ப் பக்கமோ கோவில்பட்டிப் பக்கமோ கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு வருவார். சூடான எண்ணெய்தான் அடியிலுள்ள கசண்டையும் இழுத்துக்கொண்டு முழுசாக வடியும். பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்து, அடியில் புகுந்துகொள்வார்.

எடுத்ததும் வடிகிற நட்டைத் தொட மாட்டார். மேலே இருக்கும் ஊற்றுகிற நட்டைத்தான் முதலில் இளக்குவார். ஏன் என்று கேட்டேன்.

"தம்பி, கீழ் நட்டைக் கழத்தி எண்ணெயை எல்லாம் வடிச்சுப்புட்டீக. அப்புறமா மேல் நட்டு துருப்புடிச்சுக் கழல மாட்டேங்குதுன்னு வச்சுக்கிடுங்க. வண்டி செத்த பிணம்தானே? உள்ள போற வழி தொறக்குமான்னு பாத்துக்கிட்டுத்தான் வெளிய போற வழியத் தொறக்கணும்."

வடிந்த எண்ணெயை அவர் உடனே மூடி வைத்துவிடுவதில்லை. விரலில் எடுத்து வெயிலில் காட்டிப் பார்ப்பார். நட்டின் நுனியில் உள்ள காந்தத்தில் கருஞ்சாந்துபோல் இரும்புத் தூள் ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். நகக்கண் அளவுக்குச் சில்லு இருந்தால் ஒரு பல் உடைந்துகொண்டிருக்கிறது. எண்ணெயில் பொன்னிறமாக மினுமினுத்தால் பித்தளை வளையம் கரைகிறது. டிஃபரன்ஷியலுக்கு என்று விற்கும் எண்ணெயில் பல்லைக் காப்பதற்காகக் கந்தகச் சரக்கு அதிகம் சேர்த்திருப்பார்கள். அதன் நாற்றமே சொல்லும். பல்லுக்கு நல்லதான அதே சரக்கு, பழைய கியர் பாக்ஸில் உள்ள பித்தளையை அரிக்கக்கூடும். ஆகவே கியர் பாக்ஸுக்கு ஒரு தரம், கிரவுனுக்கு ஒரு தரம் என்று இரண்டு டப்பா வாங்கி வைத்திருப்பார். புது எண்ணெய் ஊற்றுகிற துளையின் விளிம்பு வரை வந்து, ஒரு சொட்டு வெளியே வழிந்தால் அளவு சரி. நட்டை முடுக்கி, துணியால் துடைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வைப்பார்.

இதையெல்லாம் பார்த்தபோது, கிளாக்கனுக்குப் பதில் சொல்ல ஒரு மனிதன் கிடைத்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அது அவசர முடிவு என்று தெரியும். கிளாக்கன் விடமாட்டான். "வண்டி யாருடையது? அவருடையது. பல் உடைந்தால் பணம் யாருக்குப் போகும்? அவருக்கு. தன் சொத்தைத் தான் பாதுகாத்துக்கொள்வதற்கு நியாயம் என்றா பெயர்?" என்று கேட்பான். கேட்பதும் சரிதான். சுயநலத்துக்கு இருட்டிலும் கண் தெரியும். தன் இரும்புப் பெட்டியின் மூலை முடுக்கு எந்தக் கருமிக்குத் தெரியாது? பட்டறைக்காரரும் தம் சொந்த வண்டியாக இருந்தால் அந்த நட்டைக் கழற்றித்தான் இருப்பார். ஆகவே புது எண்ணெயை எவ்வளவு சிரத்தையாக ஊற்றினார் என்பதை வைத்து ஒருவரை எடைபோட முடியாது. பழைய எண்ணெயை என்ன செய்தார் என்பதில்தான் பரீட்சை இருக்கிறது.

வடித்த 5 லிட்டரும் ஒரு பழைய தகர டப்பாவில் கன்னங்கரேலென்று நிற்கிறது. அதனால் இனி ஜீப்புக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எங்கே ஊற்றினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. மோதிரம் இப்போதுதான் உண்மையாகக் கைக்கு வருகிறது.

தெருவில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? சாக்கடையில் விடலாம் என்றார் ஒருவர். கட்டிட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகையில் பூசக் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். வேலிக் கம்பத்துக்குத் தடவினால் கரையான் வராது என்பது மூன்றாவது யோசனை. நான்காமவர், வேலி ஓரமாகவே ஊற்றிவிடுங்கள், ஒரு வருஷத்துக்குப் புல் முளைக்காது என்றார்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "புல்லு மொளைக்காதுன்னு நீங்களே சொல்லுதீக. பெறகு என்ன யோசனை வேண்டிக்கிடக்கு?" என்றார்.

யோசனை சொன்னவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் ஒரு பழைய பழக்கத்தைப் பேசினார்கள். அவர்களுடைய தாத்தாமார் மாட்டுவண்டி வைத்திருந்தவர்கள். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மை தயாரித்து அச்சுக்குப் போட்டார்கள். பழைய மையை வழித்து மண்ணில் எறிந்தார்கள். கையை வேப்ப மரத்தில் துடைத்தார்கள். அதில் ஒரு பாவமும் இல்லை. வைக்கோலும் ஆமணக்கும் மண்ணிலிருந்து வந்தவை, மண்ணுக்கே திரும்பின. இன்று டப்பாவில் இருப்பது வேறு சரக்கு. அது பெட்ரோலியத்திலிருந்து வந்தது. கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்தது. தேய்ந்த உலோகத்தூள் கலந்தது. பழக்கம் அதேதான், கையும் அதேதான். பொருள் மட்டும் நமக்குத் தெரியாமல் மாறிவிட்டது. பெரியவர்கள் செய்தபடி செய்கிறோம் என்ற சமாதானம் எத்தனையோ காரியங்களில் இப்படித்தான் நம்மை ஏமாற்றுகிறது.

மண்ணும் சாதாரண மண் அல்ல. பங்குனி, சித்திரையில் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கையை முழங்கை வரை விட்டாலும் அடி தட்டாது. மழையில் அந்த மண் ஊதி வெடிப்பை மூடிக்கொள்ளும். பிறகு தண்ணீர் சுலபமாகக் கீழே இறங்காது. ஆனால் கோடையில் ஊற்றியது வெடிப்பு வழியாக நேரே ஆழத்துக்குப் போய்விடும். மேலே பார்த்தால் ஒரு கறைகூட இருக்காது. ஒளித்து வைப்பதற்குக் கரிசலைப்போல உதவியான மண் வேறு இல்லை. ஒரு முறை எஞ்சினிலிருந்து வடிக்கிற எண்ணெய் 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. தண்ணீருக்காகக் குடத்தோடு தவம் கிடந்த தலைமுறைகளைக் கண்ட சீமையில், இந்தக் கணக்கை இன்னும் விளக்க வேண்டுமா?

கழுகுமலையில் வாழ்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு ஆசிரியன் மலையிலேயே இருக்கிறான். அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் வெட்டுவான் கோயிலைச் செதுக்கியவன் அவன். மலையில் பக்கத்து வெளியில் வரிசை வரிசையாகச் சமணத் திருவுருவங்கள் இருக்கின்றன. அவற்றின் கீழே, செய்வித்தவர்கள் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதுவும் நல்ல காரியமே. பெயர் பொறிப்பதில் தவறு ஒன்றும் இல்லை. வெட்டுவான் கோயிலில் நடந்தது வேறு. பாறையைச் சுற்றிலும் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குக் குடைந்து, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள். விமானத்தின் மேற்பகுதி முடிந்தது. கீழே அடிப்பகுதி முடியாமல் நின்றுவிட்டது. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தி அந்த உச்சியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இது முடிந்திருந்தால், கும்பிட வருகிறவன் கீழே வாசலில் அல்லவா நின்றிருப்பான்? அத்தனை உயரத்தில் இருக்கிற விரலின் நளினமும் உதட்டின் ஓரத்துப் புன்னகையும் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? கீழிருந்து பார்க்கிறவனுக்கு இது போதும் என்று தச்சன் அங்கே கை குறைத்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. கை குறைக்கவில்லை. அது அவன் சொந்தக் கோயிலும் அல்ல, குடியிருக்கிற வீடும் அல்ல. சுயநலத்தைக் காரணமாகக் காட்டி இவனைக் கிளாக்கன் மடக்க முடியாது. தகப்பனும் மகனுமாக இரண்டு சிற்பிகள் இருந்தார்கள், மகனை ஊரார் புகழ்ந்ததைப் பொறுக்காமல் தகப்பனே அவனைக் கொன்றான், அதனால் கோயில் நின்றுபோயிற்று என்று ஊரில் ஒரு கதை பல விதமாக வழங்குகிறது. பிறர் கண்ணுக்காகவும் பிறர் வாய்ச்சொல்லுக்காகவும் செய்கிற வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்தக் கதை உதாரணம். கல்லில் இருக்கிற வேலை அதற்கு நேர் எதிரான சாட்சி. இன்று நாம் குழியின் விளிம்பில் நின்றால் அந்த உச்சி நம் கண்ணுக்கு நேராக இருக்கிறது. 1,200 வருஷம் கழித்துப் பார்க்க வந்திருக்கிறோம்.

இதை நினைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கண் படாத இடம் என்று நாம் சொல்வதற்கு, பார்க்கிறவர் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் பொருள். பூச்சுக்குள் இருக்கும் செங்கல்லை, பூமி அதிரும் நாளில் அந்த வீட்டில் படுத்திருப்பவன் பார்ப்பான். வெடிப்புக்குள் ஊற்றிய எண்ணெயை, என்றைக்கோ அங்கே கிணறு வெட்டுகிறவனின் குழந்தை பார்க்கும். கைஜஸின் மோதிரம் இன்றைய மனிதர்களிடமிருந்துதான் மறைக்கும். நாளைய மனிதர்களிடமிருந்து மறைக்காது. நமக்குப் பின்னால் வருகிறவர்களையும் மனிதர்களாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவனுக்கு, அந்த மோதிரத்தால் உபயோகம் இல்லை.

அண்ணாச்சி இவ்வளவு தத்துவம் பேசவில்லை. பழைய எண்ணெயை மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் தாழ்வாரத்தில் வைத்துவிடுகிறார். கேன் நிறைந்ததும் 20 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிக் கோவில்பட்டிக்கு எடுத்துப் போகிறார். கழிவு எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிற ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டு வருகிறார். எண்ணெய் தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. அழுக்காகிறது, சேர்த்த சரக்கு செத்துப்போகிறது, அவ்வளவுதான். முறைப்படி சுத்தம் செய்தால் அது மறுபடி எண்ணெயாகும். அவருக்கு அதில் கிடைப்பது ஒரு டீச் செலவுக்குக் காணாது. போய்வரும் டீசலுக்கு அவர்தான் கொடுக்கிறார்.

நான் ஒருவன் கொண்டுபோய்க் கொடுத்து உலகம் திருந்திவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. திருந்தாதுதான். ஆனால் இந்த நியாயத்தை நாம் வசதியான திசையில் மட்டுமே பேசுகிறோம். நான் ஒருவன் ஓட்டுப் போடாவிட்டால் தேர்தல் நின்றுவிடுமா என்று கேட்கிற அதே ஆள், நான் ஒருவன் புது எண்ணெய் ஊற்றாவிட்டால் வண்டி நின்றுவிடுமா என்று கேட்பதில்லை. தன் பல்சக்கரத்துக்குத் துளிக் கணக்குப் பார்க்கிறவன், ஊர்த் தண்ணீருக்கு மட்டும் சமுத்திரக் கணக்குப் பேசுவது நேர்மை ஆகாது.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். எழுபது வயதை நெருங்கும் ஒரு மனிதர் நல்லவராக இருப்பதற்கு 20 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது என்றால், குறை அவரைச் சேர்ந்தது அல்ல. சட்டம் இல்லாமல் இல்லை. கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. எண்ணெய் தயாரித்து விற்கிறவர்களே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. டில்லியில் எழுதிய விதி கரிசல் காட்டுச் சந்துக்குள் வந்து சேர வேண்டுமே! புது எண்ணெய் விற்கிற கடை ஒவ்வொரு சின்ன ஊரிலும் இருக்கிறது. அந்தக் கடை வாசலிலேயே பழையதை வாங்கிக்கொள்ள ஒரு பீப்பாயை வைத்தால் என்ன? உள்ளே போகிற வழியைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகிற வழியைத் திறக்க வேண்டும் என்றார் அண்ணாச்சி. நாம் ஊர் ஊராகப் புது எண்ணெய் உள்ளே வர வழி செய்துவிட்டோம். பழையது வெளியே போக வழி செய்யவில்லை.

மனச்சாட்சி தனி மனிதனுடைய சொத்துத்தான். அதை யாரும் வெளியிலிருந்து கொடுக்க முடியாது. ஆனால் அது உள்ளவன் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது ஊருடைய கடமை. அண்ணாச்சியைப் போன்றவர்கள் பீப்பாய் இல்லாத ஊரிலும் கேனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மற்றவர்களுக்குப் பீப்பாய் வேண்டும்.